"எத்தன செட்டு உண்டு?": நாகர்கோவில் ஜிம் ஒன்றில் 14 மாதம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் சேர்ந்தபோது வருடக் கட்டணம் 8,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 9,440. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்களுக்கான வரி 5 சதவீதமாகக் குறைந்தது. மிச்சப்படும் காசுக்கு ஒரு நல்ல ஷூ வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டு அக்டோபரில் புதுப்பிக்கப் போனேன். கட்டணத்தை 9,000 ஆக்கியிருந்தார்கள். 5 சதவீதம் சேர்த்து 9,450. வரி குறைந்ததில் எனக்கு 10 ரூபாய் நஷ்டம். ஓனரிடம் கேட்டதற்கு, "கரன்ட் சார்ஜ் ஏறிட்டே சிஸ்டர்" என்றார். சரி என்று கட்டிவிட்டு வந்தேன்.

அவர் சிஸ்டர் என்று கூப்பிடுவது பாசத்தினால் அல்ல. நான் ஸ்டாஃப் நர்ஸ். வயது 39. நோயாளிகளைக் கட்டிலிலிருந்து ஸ்டிரெச்சருக்கும், ஸ்டிரெச்சரிலிருந்து கட்டிலுக்குமாக 15 வருடம் மாற்றி மாற்றி இடுப்பு போய்விட்டது. எங்கள் ஆர்த்தோ டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதவில்லை. "வெயிட் தூக்கணும்" என்றார். "தூக்கித்தானே சார் இப்படி ஆச்சு?" என்றேன். "ஒழுங்கா தூக்கிப் பழகணும்" என்றார். இப்படித்தான் ஜிம்முக்கு வந்தேன். உடம்பு இளைக்க அல்ல. கல்யாணம் நெருங்குகிறது, போட்டோ எடுக்கவேண்டும் என்றும் அல்ல.

ஜிம்மின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், நாளைக் காலையும் அங்கேதான் போய் நிற்கவேண்டும். வடசேரிப் பக்கம், கீழே கடை, மேலே ஜிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் அப்படி எத்தனையோ உண்டு.

சாமான்கள் மோசமில்லை. ஸ்குவாட் ராக் ஒன்று, அதாவது எடைக் கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவதற்கு அதை மாட்டி வைக்கும் இரும்புச் சட்டம். பெஞ்ச் மூன்று, அதில் ஒன்று குறுகலான பழைய பெஞ்ச், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். லாட் புல்டவுன், கேபிள், லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஒவ்வொன்று. டிரெட்மில் மூன்று, அதில் ஒன்றில் நான் சேர்ந்த நாளிலிருந்து "ரிப்பேர்" என்ற தாள் தொங்குகிறது. தாள் பழுத்துவிட்டதால் இடையில் ஒரு தடவை புதுத் தாள் மாட்டினார்கள். பார், அதாவது பிளேட்டு மாட்டித் தூக்கும் அந்தக் கம்பி, எல்லாமே 20 கிலோ. பெண்களுக்கான 15 கிலோ பார் என்று ஒன்று உலகத்தில் உண்டு, பிடியும் கொஞ்சம் மெலிசாக இருக்கும், இங்கே அது கிடையாது. டம்பெல் 2.5 கிலோவிலிருந்து 40 கிலோ வரை எடைக்கு ஒரு ஜோடி. அந்த 40 கிலோவை நகர்த்தி நான் பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். பெருக்க வரும் அக்கா. அடியில் தூசி எடுக்க உருட்டுவார்.

எல்லோரும் தேடும் ஜோடி 7.5. பெண்கள் 5-ல் ஆரம்பித்து இரண்டு மாதத்தில் அங்கே வந்து நிற்கிறோம். பெரிய பெரிய பையன்களும் தோளுக்குப் பக்கவாட்டில் தூக்க அதைத்தான் எடுக்கிறார்கள். தோள் வலிக்காக வரும் வயதானவர்களுக்கும் அதுதான். அந்த ஒரு ஜோடி யார் கையில், எந்த மூலையில், எந்த பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறது என்று தேடுவதே எனக்கு வார்ம்-அப்.

எனக்கு ஷிஃப்ட் டியூட்டி. மார்னிங் டியூட்டி என்றால் காலை 5.30-க்கு ஜிம். மத்தியானம் டியூட்டி என்றால் 10.30 முதல் 12.30 வரையுள்ள பெண்கள் நேரம். நைட் டியூட்டியும் ஆஃபும் வரும் நாட்களில் சாயங்காலம். ஒரே வாடகைக் கட்டடம், அதே இரும்பு, அதே மாஸ்டர். ஆனால் 14 மாதத்தில் நான் பார்த்தது மூன்று ஜிம். ஒரே நேரத்துக்குப் போகிறவர்களுக்கு இது தெரியாது.

காலை ஜிம்தான் நல்ல ஜிம். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி, கோட்டாறு மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் இரண்டு பையன்கள், அப்புறம் நான். பையன்கள் அண்ணா ஸ்டேடியத்தில் ஓடிவிட்டு நேராக வருவார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாகவேண்டும் என்பதால் அவர்கள் பேச்சு முழுக்க விநாடிக் கணக்கு. மழை விட்ட காலையில் ஜன்னலில் வேளிமலை தெரியும். பாட்டு கிடையாது. 6 மணிக்கு மார்க்கெட்காரரின் போன் அடிக்க ஆரம்பிக்கும். எடுத்து, "தூக்கிட்டிருக்கேன், பொறவு கூப்பிடு" என்று வைத்துவிடுவார். எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் மூட்டை தூக்குவதாகத்தான் தோன்றும்.

சேர்ந்த முதல் வாரம். நான் ராக்கில் வெறும் பாரை வைத்து ஸ்குவாட் பழகிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி இரண்டடி தள்ளி வந்து நின்றார். நான் பாரைக் கொக்கியில் வைத்து மூச்சு வாங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "மக்ளே, எத்தன செட்டு உண்டு?"

"மூணு உண்டு அண்ணாச்சி."

"அப்பம் நானும் கூட செய்யட்டா?"

எனக்குப் புரியவில்லை. ஒரு ராக், இரண்டு பேர், எப்படிக் கூட? அவர் விளக்கியது இதுதான். ஒரு செட்டுக்கு, அதாவது நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றுக்கு, 40 விநாடி ஆகிறது. கனமாகத் தூக்கினால் இடையில் 2, 3 நிமிடம் இளைப்பாறவேண்டும். அந்த 3 நிமிடமும் ராக் சும்மா கிடக்கிறது. அதில் இன்னொருவர், ஏன், இன்னும் இரண்டு பேர் தாராளமாகத் தங்கள் செட்டை முடித்துவிடலாம். யாருக்கும் ஒரு நிமிடம்கூட வீணாகாது.

இதைக் கேட்டதும் எனக்கு அம்மா வீட்டுக் கிணறு ஞாபகம் வந்தது. திருவட்டார் பக்கம், நாலு வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு வாளி, ஒரு கயிறு. ஒருத்தி இறைத்துக் குடத்தில் ஊற்றும்போது அடுத்தவள் தன் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். இறைத்தவள் குடத்தை இடுப்பில் ஏற்றும் நேரத்தில் வாளி மறுபடி உள்ளே இறங்கியிருக்கும். "நான் மூணு குடம் எடுத்து முடிக்கும்வரை யாரும் கயிற்றைத் தொடக்கூடாது" என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு ஊரே சிரித்திருக்கும். ஜிம்மில் அதைத்தான் தினமும் சொல்கிறார்கள், காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு.

பாரமும் உயரமும் வேறு வேறாக இருக்குமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இப்போது எனக்கு 30 கிலோ, அண்ணாச்சிக்கு 60. பாரே 20. என்னுடைய 5 கிலோ பிளேட்டு பக்கத்துக்கு ஒன்றாக உள்ளே நிரந்தரமாகக் கிடக்கும். அவர் முறை வரும்போது பக்கத்துக்கு ஒரு 15 வெளியே ஏறும், என் முறையில் இறங்கும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றால் பத்து விநாடி வேலை. கொக்கி உயரம் மட்டும் குட்டையான ஆளுக்கு ஏற்றபடி இருக்கும். உயரமானவர் கொஞ்சம் அதிகமாகக் குனிந்து எடுக்கலாம், ஆபத்தில்லை. குட்டையானவர் நுனிக்காலில் எக்கி எடுத்தால்தான் ஆபத்து. ஐந்தடி ஒரு அங்குலம் உள்ள எனக்காக ஆறடி அண்ணாச்சி தினமும் குனிகிறார். ஒரு நாள் சாரி சொன்னேன். "பஸ்ஸில எத்தன வருசம் ஸ்டியரிங்கில குனிஞ்சேன், இது ஒரு குனிவாக்கும்?" என்றார்.

இங்கே மாஸ்டரைப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும். சின்ன வயது, கல்லூரியில் வெயிட்லிஃப்டிங் செய்தவர். சுவரில் வெளிநாட்டு பாடி பில்டர்களுக்கு நடுவில் வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கத்தின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட், இரண்டு காமன்வெல்த்திலும் 77 கிலோ பிரிவில் தங்கம். புதிதாக வரும் பையன்கள் "என் பார்", "என் ராக்" என்று பேசினால் மாஸ்டர் அந்தப் படத்தைக் காட்டுவார். போட்டியில் அந்தப் பிரிவில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மேடை, ஒரே பார். குறைந்த எடை கேட்டவர் முதலில் தூக்குவார். எடை ஏறிக்கொண்டே போகும், யாருக்காகவும் இறங்காது. பெயர் கூப்பிட்டால் பொதுவாக ஒரு நிமிடம்தான் அவகாசம். "தங்கம் வாங்குனவனே ஊரோட பாரைத்தான் தூக்கினான், நமக்கென்னடே தனி பாரு?" என்பார் மாஸ்டர். எனக்குப் பிடித்த வாக்கியம். ஆனால் இதை அவர் காலையில் சொல்கிறார், கேட்கவேண்டியவர்கள் சாயங்காலம் வருகிறார்கள். சாயங்காலம் அவர் பெர்சனல் டிரெய்னிங் காசு கட்டியவர்களோடு நின்றுவிடுவதால் வாயைத் திறக்க நேரமில்லை.

பெண்கள் நேரம் வேறு மாதிரி. அங்கே யாரும் யாரையும் அதட்டுவதில்லை, எதையும் கேட்பதுமில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டு ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் நாலு பேர் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்கள். உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, இவர்களுக்கு அதுதான் வேண்டும் என்று. இரண்டு பேரும் நல்லவர்கள், அதனால்தான் கால் மணி நேரம் போகிறது. பெரும்பாலானவர்கள் டிரெட்மில்லை விட்டு இறங்குவதே இல்லை. வேலை செய்வது இரண்டு, வந்திருப்பது பன்னிரண்டு பேர். நடப்பது நல்லதுதான், ஆனால் வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வேலை கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதை எங்கள் ஆர்த்தோ வார்டில் வந்து பார்த்தால் தெரியும், குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்து வரும் அம்மாக்களை. இதை நான் சொல்லிச் சொல்லி மூன்று பேரை டம்பெல் பக்கம் இழுத்து வந்தேன். விளைவு, 7.5-க்குப் போட்டி இன்னும் மூன்று பேர் கூடியது.

அங்கே ஒரு அம்மா உண்டு. 60 வயதைத் தாண்டியவர், முட்டி வலி, நைட்டிக்கு மேல் ஷாலைப் போட்டுக்கொண்டு வந்தவரை மாஸ்டர் கெஞ்சி சுடிதாருக்கு மாற்றினார். லெக் எக்ஸ்டென்ஷனில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். பத்து தடவை காலை நீட்டுவார், அப்புறம் துபாயில் இருக்கும் மகளின் பிரசவம். மறுபடி பத்து, அப்புறம் மருமகனுக்குச் சமைக்கத் தெரியாத கதை. முதல் வாரம் நானும் மற்றவர்களைப் போல நின்றேன். இரண்டாவது வாரம் அண்ணாச்சி சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். "அம்மா, இன்னும் எத்தன செட்டு உண்டு? நானும் கூடச் செய்யட்டா?" அவர் திடுக்கிட்டு, "அய்யோ பிள்ளே, நீ இதுக்கா நிக்கே? கதை கேக்க நிக்கேன்னுல்லா நெனச்சேன்" என்று எழுந்துவிட்டார். இப்போது நான் செய்யும்போது பக்கத்தில் நின்று எண்ணுகிறார். எட்டுக்கு அப்புறம் மறுபடி ஏழு சொல்வார். ஏமாற்றுகிறாரா, மறந்துவிடுகிறாரா என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. முடிந்ததும் பையிலிருந்து மட்டிப்பழம் வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் மட்டிப்பழத்தை விடவா அந்தப் புரோட்டீன் பார் பெரிது? தோலை மட்டும் ஜன்னல் வழியாகப் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கீழே கடை வாசல்.

சுத்தம் என்று வந்தால் மூன்று நேரமும் ஒன்றுதான், மூன்றும் மோசம். நர்ஸ் என்பதால் எனக்குக் கண் அங்கேதான் போகும். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை, தென்மேற்கும் வடகிழக்கும். வருடத்தில் பாதி நாள் துணி காயாது, காற்றிலேயே ஈரம். அந்த ஈரத்தில் ஒருவர் வெறும் முதுகோடு பெஞ்சில் படுத்து எழுந்தால் தோள், முதுகு, பின்தலை மூன்றும் வரைபடம் மாதிரி ரெக்ஸினில் தெரியும். அதன்மேல் அடுத்தவர் படுப்பார். படர்தாமரை இப்படித்தான் ஊர் சுற்றுகிறது, பாயிலும் துண்டிலும் பெஞ்சிலும். ஒருவருக்கு வந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கிப் பூசி, அதை இன்னும் மோசமாக்கிக்கொண்டு ஓ.பி.க்கு வருவார்கள். இன்க்ளைன் பெஞ்சில் ரெக்ஸின் கிழிந்து ஸ்பாஞ்சு தெரிகிறது. ஸ்பாஞ்சு உறிஞ்சிய வியர்வையை எந்தத் துணியாலும் துடைத்து எடுக்கமுடியாது. ரெக்ஸினை மாற்றத்தான் வேண்டும். அதற்கு ஒரு பைக் சீட் தைக்கும் ஆள் போதும்.

ஓனரிடம் சொன்னேன். கேட்காதவர் அல்ல அவர். மறுநாளே ஒரு துணி வாங்கிப் போட்டார். ஒரே ஒரு துணி. மூன்று பெஞ்ச், எல்லா மிஷின்களின் சீட், கைப்பிடி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மஞ்சள் துணி, காலையிலிருந்து ராத்திரி வரை. முன்பு ஒரு பெஞ்சில் இருந்த கிருமி அந்தப் பெஞ்சில் மட்டும் இருந்தது, இப்போது எல்லா இடத்துக்கும் பஸ் விட்டுவிட்டார். வார்டில் ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்தவரைத் தொடமாட்டோம், அதே கணக்குதான் இது. விலை உயர்ந்த ஸ்பிரே எதுவும் வேண்டாம். ஒரு பாட்டிலில் லேசான சோப்புத் தண்ணீர், தினமும் துவைத்துக் காயவைத்த பத்துத் துணி, துடைத்த துணியைப் போட ஒரு பக்கெட். இதைச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. பாட்டில் வந்தது. அதில் இப்போது யாரோ புரோட்டீன் கலக்கிக் குடிக்கிறார்கள்.

நான் என் ஏற்பாட்டைச் செய்துகொண்டேன். இரண்டு துண்டு, ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. நீலம் பெஞ்சுக்கு, வெள்ளை முகத்துக்கு. முதலில் ஒரே துண்டில் இரண்டு பக்கம் என்று வைத்திருந்தேன். களைப்பில் எந்தப் பக்கம் எது என்று மறந்து ஒரு நாள் பெஞ்சுப் பக்கத்தால் வாயைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மூன்று தடவை முகம் கழுவினேன்.

இனி சாயங்காலம். 6 மணிக்கு மேல் படியிலேயே செருப்பு மலை. ஸ்பீக்கரில் எந்தப் பாட்டு என்று பிரித்துச் சொல்லமுடியாத சத்தம். 25, 30 பேர். வடசேரியில் கூட்டமான பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியே கர்சீப் போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலை இங்கே நடக்கிறது. பெஞ்சில் துண்டு, கேபிளில் தண்ணீர் பாட்டில், 10 கிலோ டம்பெல் ஜோடியின் மேல் பைக் சாவி. மூன்றும் ஒரே ஆளுடையவை, ஆள் எங்கே என்றால் கண்ணாடி முன்னால். கேட்டால், "அக்கா, சூப்பர்செட் போயிட்டிருக்கு" என்பார். இரண்டு பயிற்சியை இடைவெளி இல்லாமல் மாற்றி மாற்றிச் செய்வது சூப்பர்செட், நல்ல விஷயம்தான். ஆளில்லாத மத்தியானத்தில் செய்தால். 30 பேர் காத்திருக்கும்போது ஒருவர் மூன்று சாமானைக் கட்டிப்போட்டால் அதற்குப் பெயர் வேறு.

அதற்காகப் பையன்கள் எல்லாம் மோசம் என்று எழுத எனக்கு மனசில்லை. கேட்டால் விடுகிறார்கள். பத்தில் ஒன்பது பேர் உடனே, "வாங்க அக்கா, மாத்தி மாத்திப் போடலாம்" என்கிறார்கள். கேட்காமலே விடவேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சொல்லிக் கொடுக்காத இன்னொன்றை மட்டும் தாராளமாகச் செய்கிறார்கள். அறிவுரை. "அக்கா, முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாது." "அக்கா, லேடீஸ் இதச் செஞ்சா கை தடிச்சிரும்." ஒருவர் செட்டுக்கு நடுவில் இருக்கும்போது வந்து பேசாதீர்கள். கழுத்து உடையப் போகிறது என்றால் ஓடி வாருங்கள், மற்றபடி நான் மாஸ்டருக்குக் காசு கட்டியிருக்கிறேன். இன்னொன்று, டம்பெல் ஸ்டாண்டை ஒட்டி நின்றுகொண்டே தூக்குவது. எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் வந்தால் மற்றவர்களும் எடுக்கலாம். கண்ணாடி அங்கிருந்தும் தெரியும்.

வீடியோ விஷயம் ஒன்று நடந்தது. ஒரு பையன் போனை ஸ்டாண்டில் வைத்து, தரையிலிருந்து பாரைத் தூக்கும் தன் டெட்லிஃப்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நான், தரையில் மல்லாந்து கிடந்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியில். அவன் போய்ப் பார்க்கும்போதுதான் திரையில் என்னைப் பார்த்தேன். "தம்பி, அத அழிச்சிரு" என்றேன். "சாரி அக்கா, கவனிக்கல" என்று என் முன்னாலேயே அழித்தான். நல்ல பிள்ளை. எனக்குக் கோபம் அவன்மேல் இல்லை. இது பெரிய ஊர் இல்லை. ரீல்ஸில் போட்டால் குளச்சலில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்கு அரை மணி நேரத்தில் போய்விடும், அதற்குப் பிறகு நான் பதில் சொல்லவேண்டியவர்களின் பட்டியல் நீளம். ஓனரிடம் போய், படம் எடுக்க ஒரு மூலையை ஒதுக்கிவிடுங்கள் என்றேன். "சிஸ்டர், பசங்க போடுற ரீல்ஸ்தான் நமக்கு விளம்பரம்" என்றார். இந்த ஜிம்மில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காத பதில் அது.

இப்போது அந்தக் குறுகலான பழைய பெஞ்ச். இதில் என் தப்பும் உண்டு, அதனால்தான் தள்ளித் தள்ளி வைத்தேன். சேர்ந்து மூன்றாவது மாதம், ஒரு சாயங்காலம். பெஞ்சில் யாரோ 100 கிலோ தூக்கிவிட்டு அப்படியே போய்விட்டார்கள். பக்கத்துக்கு இரண்டு 20 கிலோ பிளேட்டு. யாருடையது என்று இரண்டு தடவை சத்தமாகக் கேட்டேன், பாட்டு மட்டும் பதில் சொன்னது. நானே கழற்ற ஆரம்பித்தேன். இடது பக்கம் முதல் பிளேட்டை எடுத்து வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதே பக்கம் இரண்டாவதை உருவினேன். பிளேட்டு என் கைக்கு வந்த அதே நொடி, பாரின் இடது முனை என் காதோரம் விசிறிக்கொண்டு மேலே போனது. வலது பக்கம் 40 கிலோவும் தரையில் இறங்கியது. அந்தச் சத்தத்துக்குப் பாட்டே நின்ற மாதிரி இருந்தது. டைல்ஸ் நட்சத்திரமாக வெடித்துவிட்டது. அதிலிருந்து இரண்டடியில் ஒரு பையன் ஷூ லேஸ் கட்டக் குனிந்திருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான், நான் கையில் 20 கிலோவோடு அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

மாஸ்டர் ஓடி வந்தார். திட்டவில்லை. "இந்தப் பக்கம் ஒண்ணு எடுத்தா அந்தப் பக்கம் ஒண்ணு, சிஸ்டர். தராசு மாதிரியாக்கும்" என்றார். கொக்கிகள் நெருக்கமாக இருக்கும் பெஞ்சில் பார் இரண்டு பக்கமும் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் சீக்கிரம் கவிழும் என்று அப்புறம் விளக்கினார். 15 வருடம் நர்ஸாக இருந்தவளுக்குத் தராசு தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் கோபம்தான் இருந்தது, கவனம் இல்லை. பிளேட்டை விட்டுப் போன ஆள் கடைசி வரை வாய் திறக்கவில்லை. டைல்ஸுக்கு நான் காசு தருகிறேன் என்றேன், ஓனர் வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம், இன்று வரை மாற்றவில்லை. அந்த நட்சத்திரத்தின் மேல் ஒரு ரப்பர் மேட் கிடக்கிறது.

அதற்குப் பிறகு சுவரில் ஒரு தாள் வந்தது, மாஸ்டர் கையெழுத்தில்: "தூக்கியவரே இறக்கவும்." மூன்று நாள் வேலை செய்தது. நாலாம் நாள் அதன்மேல் டைட்டில் பெல்ட் மாதிரி யாரோ, எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டைத் தொங்கவிட்டுவிட்டார்கள். வேலை செய்தது வேறொன்று. மாஸ்டர் ஒரு வாரம் சாயங்காலம் பெர்சனல் டிரெய்னிங்கைத் தள்ளிவைத்துவிட்டு நடு ஹாலில் நின்றார். யாராவது பிளேட்டை விட்டுப் போனால் வாசல் வரை போய்க் கூப்பிட்டார்: "தம்பி, உங்க வீட்டுச் சாமான் ஒண்ணு மறந்துட்டியே." ஒரு பையன் பைக்கைக் கிளப்பியவன் இறங்கி மேலே வந்து நாலு பிளேட்டையும் கழற்றி வைத்துவிட்டுப் போனான். அந்த வாரம் சாயங்கால ஜிம்மும் காலை ஜிம் மாதிரி இருந்தது. அடுத்த வாரம் காசு கட்டியவர்கள் மாஸ்டரைக் கேட்டார்கள், அவர் திரும்பிப் போய்விட்டார்.

சேரலாமா என்று கேட்டால், காலையில் எழ முடிந்தால் யோசிக்காமல் சேருங்கள். என் இடுப்புக்கு வலி மாத்திரை எடுத்து ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் 80 கிலோ நோயாளி ஒருவரை நாங்கள் மூன்று பேர் ஷீட்டோடு மாற்றினோம், எனக்கு மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. பெண்கள் நேரமும் பரவாயில்லை, வாயைத் திறந்து கேட்கப் பழகினால். சாயங்காலம் மட்டும்தான் வரமுடியும் என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள், வருடக் கட்டணம் வேண்டாம்.

அக்டோபரில் பணம் கட்டியபோது ஓனர் ஒரு கேட்லாக்கைக் காட்டி, அடுத்து எந்த மிஷின் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். மரியாதைக்குக் கேட்டாரோ என்னவோ, நான் நிஜமாகவே பதில் சொன்னேன். 7.5 கிலோவில் இன்னொரு ஜோடி. சிரித்தார். "அது சின்ன சாமான் சிஸ்டர், எப்பவும் வாங்கலாம்." நவம்பரில் வந்தது நீல வெளிச்சத்தில் மின்னும் "நோ பெயின் நோ கெயின்" போர்டு. அதன்முன் நின்று படம் எடுக்க இப்போது தனி வரிசை.

இதைப் படிப்பவர்களில் அந்த ஜிம்முக்குக் காலையில் வருகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். நேற்று 7.5 ஜோடியில் ஒன்று ஸ்டாண்டில் இருந்தது, இன்னொன்று லெக் பிரஸ்ஸுக்குப் பின்னால் சுவரோரம் கிடந்தது. தயவுசெய்து இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். 6.10-க்கு எனக்கு அது வேண்டும், 7 மணிக்கு டியூட்டி.